ஒரே சவ்வு, ஒரே கட்டம் போதுமா? உண்மை விளக்கம்

கரியமில வாயுவை மட்டும் ஊடுருவ விடும் சிறந்த சவ்வு கிடைத்தால், அனல்மின் நிலையப் புகையிலிருந்து அவ்வாயுவில் 90 சதவீதத்தை ஒரே கட்டத்தில், ஆற்றல் செலவின்றித் தூய்மையாகப் பிரிக்கலாம் என்று பரவும் தகவல் தவறானது. வாயுவைச் சவ்வின் ஊடே நகர்த்துவது இருபுறமும் உள்ள பகுதி அழுத்த (கலவையில் அந்த வாயு மட்டும் தரும் அழுத்தம்) வேறுபாடே. நிலக்கரிப் புகையிலோ கரியமில வாயு ஏறத்தாழ 13 சதவீதம்தான், அதுவும் வளிமண்டல அழுத்தத்தில். இருபுற அழுத்தங்களின் விகிதம் 5 எனில், சவ்வு எத்தகையதாயினும் ஊடுருவிய வாயுவில் அதன் செறிவு 13-இன் 5 மடங்கான 65 சதவீதத்தைத் தாண்டாது. மேலும், 90 சதவீதம் பிரிந்தபின் எஞ்சும் புகையில் செறிவு 1.5 சதவீதமாக இறங்குவதால், எஞ்சிய புகை வெளியேறும் முனையில் ஊடுருவும் வாயுவில் அதன் செறிவு 7.5 சதவீதத்தைக்கூடத் தாண்டாது. இந்த முக்கியமான வரம்பைத்தான் அத்தகவல் முற்றிலும் மறைத்துவிடுகிறது. ஆகவேதான் சவ்வுப் பிரிப்புக்கான கணித மாதிரிகள் பல கட்டங்களையும், அழுத்த வேறுபாட்டை உண்டாக்க அழுத்திகளும் வெற்றிடப் பம்புகளும் இழுக்கும் மின்சாரத்தையும் சேர்த்தே கணக்கிடுகின்றன.