ஐரிஷ் பப்பாம், ஐரிஷ் பப்!

நண்பன் கூப்பிட்டான் என்று மறுபடியும் அந்தப் புறநகர் ஐரிஷ் பப்புக்குப் போய்த் தொலைத்தேன். கார் நிறுத்துமிடத்துக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு பச்சைக் கதவு. உள்ளே, கூரையில் துருப்பிடித்த சைக்கிள் தொங்குகிறது. ஏன்? ஐரிஷ்காரர்கள் தலைகீழாகத்தான் சைக்கிள் ஓட்டுவார்களா? சுவரில் தந்தியே இல்லாத பிடில். அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை இழுத்தேன்; வரிசையிலிருந்த எட்டுப் புத்தகங்களும் சேர்ந்து அசைந்தன. பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்! இவர்களுடைய இன்னொரு கிளையிலும் இதே சைக்கிள், இதே மூலை. 1990களிலிருந்தே பப்பை அப்படியே செய்து கப்பலேற்ற அயர்லாந்தில் கம்பெனிகள் உண்டு. பழமைகூடப் பார்சலில் வருகிறது.

சுவர் முழுக்க நாலு இலைச் செடிப் படம். ஐயா, அயர்லாந்தின் சின்னம் ஷாம்ராக் செடி; அவர்கள் புனிதர் செயின்ட் பேட்ரிக்கின் அந்த ஷாம்ராக்குக்கு மூன்றே இலை! மூன்று வரை எண்ண வராதா?

சரி, அயர்லாந்தின் கறுப்பு பீரான கின்னஸ் கேட்டேன். கிளாஸைச் சாய்த்து முக்கால்வாசி ஊற்றி, கலங்கல் அடங்கும்வரை விட்டு, அப்புறம்தான் மேலே நிரப்ப வேண்டும். மொத்தம் 2 நிமிட வேலை. பீர் ஊற்றும் தம்பி ஒரே மூச்சில் குழாயைத் திறந்துவிட்டான். நுரை வழிந்து, மேசை நனைந்து, என் மடியும் நனைந்தது. 1759இலிருந்து டப்ளினில் காய்ச்சுவது இதற்குத்தானா?

ஐரிஷ் பப் என்றாலே அரட்டைதானே? இங்கே ஏழு டிவி, ஏழிலும் மேட்ச், அதற்கு மேல் ஒரு பாட்டு. நண்பன் சொன்னது விருந்தா, விவாகரத்தா என்றே கேட்கவில்லை. நான் வாழ்த்துகள் சொல்லிவிட்டேன்.