எதால் வகுத்தீர்கள்?
ஒரு லட்சம் பேருக்கு இத்தனை குற்றங்கள் என்ற கணக்கை வைத்து, ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதிதான் நகரிலேயே ஆபத்தானது என்று, பகுதிவாரியாகக் குற்றங்களை ஒப்பிடும் இந்தக் கட்டுரை தீர்ப்பெழுதிவிடுகிறது. அங்கே குடியிருப்பவர்கள் கொஞ்சம். வந்து போகிறவர்களோ பல மடங்கு. பறிபோவது பயணியின் கைப்பை, வகுப்பது குடியிருப்போர் எண்ணிக்கையால். விகிதம் எகிறாமல் என்ன செய்யும்? அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரைப் பற்றி 1989இல் வெளியான ஆய்வில், போலீஸுக்கு வந்த அழைப்புகளில் பாதி வெறும் 3 சதவீத இடங்களிலிருந்தே வந்திருந்தன. குற்றம் இப்படிச் சில இடங்களில் குவியும்போது, ஒரு மதுக்கடை வாசலில் நடப்பதற்காகப் பேட்டை முழுவதையும் பழிப்பது அநியாயம். ‘எங்கள் பகுதியில் வழக்கே இல்லை’ என்று மேலே பின்னூட்டத்தில் பெருமைப்பட்டிருக்கும் நண்பருக்கு: என் பக்கத்து வீட்டில் சைக்கிள் திருட்டுப்போனபோது, அறுத்த சங்கிலி மட்டும் கேட்டில் தொங்கியது. அலைச்சலுக்குப் பயந்து அவர்கள் புகாரே கொடுக்கவில்லை. அந்தத் திருட்டு எந்தப் பட்டியலில் இருக்கிறது?