பிளரா ஒயாசிஸா, இதைத் தவிர வேறு பேச்சே இல்லையா?

தொண்ணூறுகளின் பிரிட்டிஷ் கிட்டார் குழுக்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இரண்டாவது நிமிடமே "நீ பிளரா, ஒயாசிஸா?" என்று மடக்கிவிடுகிறார்கள். 1995 ஆகஸ்டில் இரண்டு குழுக்களும் ஒரே நாளில் சிங்கிள் (தனிப்பாட்டு) வெளியிட்டன. முதல் வாரத்தில் பிளர் சுமார் 2,74,000, ஒயாசிஸ் சுமார் 2,16,000 பிரதிகள் விற்றன. சரி, அதெல்லாம் முடிந்து எத்தனை வருடம் ஆகிவிட்டது! இன்னும் அதே பட்டிமன்றமா?

எனக்கு ஆற்றாமையே பல்ப் குழுவை நினைத்துத்தான். ஷெஃபீல்டில் 1978-இல், பள்ளிப் பையனாக இருந்தபோதே ஜார்விஸ் காக்கர் தொடங்கிய குழு. பத்து வருடத்துக்கு மேல் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1995 கிளாஸ்டன்பரி இசை விழாவில் ஸ்டோன் ரோசஸ் குழு வர முடியாமல் போக, அந்த இடத்தில் இவர்கள் மேடை ஏறினார்கள். ஒல்லியான அந்த மனிதர் கையை வளைத்து, விரலை நீட்டி, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல் பாட, மைதானமே கூடப் பாடியது. அதைப் பார்த்த பிறகும் முன்னணிப் பாடகர் என்றால் பிளரின் டேமன், ஒயாசிஸின் லியாம் என்று இரண்டே பேர்தான் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

அப்புறம், பாடகர்களின் வாய்ச்சண்டையைப் பேசுகிற அளவுக்குக் கிட்டாரைப் பேசுவதே இல்லை. லியாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மைக்கை அண்ணாந்து பாடுவது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டுகளை எழுதியது அவர் அண்ணன், கிட்டார் வாசிக்கிற நோயல். பிளரின் கிட்டார் கலைஞர் கிரஹாம் காக்ஸன் பெயரை யாராவது எடுக்கிறார்களா? ஸ்வேட் குழுவின் முதல் ஆல்பத்தில் பெர்னார்ட் பட்லர் கிட்டார் வாசித்திருப்பதை ஒரு தடவை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம்.