அந்த மேப்பை வரைந்தது யார்?

டிஎன்டி விளையாடுகிறவர்களுக்காக எழுதுகிறேன், முக்கியமாக டிஎம் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு. விளையாடிப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற ஆட்டம். டிஎம் என்பவர் நடுவர். எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் ஒரே இடத்துக்கு இரண்டு மேப் தேவைப்படுகிறது. அவருக்கு ஒன்று, ஆட்டக்காரர்களுக்கு ஒன்று.

அந்த இரண்டாவது மேப்பை நம்மில் பெரும்பாலானவர்கள் அவசர வேலையாகத்தான் செய்கிறோம். ஆட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி டிஎம் மேப்பைத் திறந்து, ரகசியங்களை அழித்துவிட்டு, வாட்ஸ்ஆப்பில் போட்டுவிடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். அது போதாது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் காசு கொடுத்து வாங்கிய ஒரு சாகசத்தை, அதாவது கதையும் மேப்பும் ஆயத்தமாக வருகிற புத்தகத்தை, நடத்திக்கொண்டிருந்தேன். பழைய கோயில், அதன் அடியில் நிலவறைகள். மேப்பை கிம்ப் என்ற படம் திருத்துகிற மென்பொருளில் திறந்து, ரகசியக் கதவைக் குறிக்கிற ‘எஸ்’ எழுத்துகளையும் பொறிகளின் அடையாளங்களையும் துடைத்தேன். மறைந்திருந்த அறை ஒன்றைச் சுவரோடு சுவராகப் பூசி மூடினேன். ஆட்டம் ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. குழுவிலேயே சின்னவன் கேட்டான்: “அண்ணா, பதினொன்னு இருக்கு, பதிமூணு இருக்கு. பன்னெண்டு எங்க?”

அறை எண்களை நான் எடுக்கவே இல்லை. நேராக அந்த இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரைப் போய்த் தட்டினார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. கையில் கொடுத்ததை ஒழுங்காகப் படித்தார்கள், அவ்வளவுதான். அந்த அறைக்குள் இருந்த பூசாரியின் கதையை மூன்று வாரமாகத் துளித்துளியாகச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அது பத்து நிமிஷத்தில் முடிந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு துடைக்கிற வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். எழுத்தும் எண்ணும் மட்டுமே ரகசியத்தைக் காட்டிக்கொடுப்பதில்லை. சுற்றிலும் அறைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க, நடுவில் மட்டும் ஒரு பெரிய சதுரம் வெறுமையாக இருந்தால் அது தானாகவே பேசும். எல்லாச் சுவரும் ஒரு தடிமனில் இருக்க ஒன்று மட்டும் பருத்திருந்தால் அதுவும் பேசும். படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து இன்னொரு இடத்தில் பூசுகிற குளோன் கருவியால் மூடினால் ஒரே கல், ஒரே கீறல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடவை வரும், கண் அங்கேதான் போய் நிற்கும். கோப்பின் பெயரில் ‘ரத்தக் காட்டேரியின் கல்லறை’ என்று இருந்தால் மற்ற எதை மறைத்தும் பிரயோஜனமில்லை. லேயர்களோடு, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய படத்தாள்களோடு, வருகிற பிடிஎஃப் என்றால் இன்னும் கவனம் வேண்டும். நீங்கள் அணைத்துவைத்த லேயரை வாங்குகிறவர் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அசலைத் தொடாமல் பிரதி எடுத்து, பூச்சுகளைத் தனி லேயரில் போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக்கி பிஎன்ஜியாகக் கொடுப்பதுதான் பத்திரம். கணினித் திரையில் ஆடுவதற்கான ரோல்20 மென்பொருளில் போடுவதானால் வழக்கமாக ஒரு கட்டத்துக்கு 70 பிக்சல், அதே மாதிரியான ஃபவுண்ட்ரியில் 100. இந்தக் கணக்கை முதலிலேயே பார்த்துவிட்டால் கடைசி நேரத்தில் கட்டமும் சுவரும் ஒன்றோடொன்று பொருந்தாமல் திண்டாட வேண்டாம்.

இதையெல்லாம் நன்றாகச் செய்த பிறகும் என் மேப்பில் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் புரிந்தது. முந்நூறு வருஷமாக யாரும் கால் வைக்காத நிலவறை என்று கதையில் சொல்கிறேன். ஆனால் அதன் ஒவ்வொரு சுவரையும் அடிக்கணக்கில் அளந்து, கூரையைக் கழற்றிவிட்டு வானத்திலிருந்து பார்த்த மாதிரி ஒரு படத்தைக் கையில் கொடுக்கிறேன். அதை யார் வரைந்தது? எப்போது? எந்த விளக்கு வெளிச்சத்தில்? என்னிடம் பதில் இல்லை. எவ்வளவுதான் துடைத்தாலும் அது டிஎம்முடைய மேப்பாகவே இருந்தது. நாலு ரகசியம் குறைந்த டிஎம் மேப்.

அன்றிலிருந்து ஆட்டக்காரர் மேப்பில் கை வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: கதைக்குள் இருக்கிற எந்த ஆள் இதை வரைந்தார்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எதை அழிப்பது, எதை விடுவது, எதைத் தப்பாகப் போடுவது என்பதெல்லாம் தானாக வந்துவிடுகிறது.

எங்கள் ஆட்டத்திலிருந்தே ஓர் உதாரணம். கடற்கரையில் ஒரு கோட்டை, அதன் அடியில் குகைகள். மேப்பை வரைந்தது உப்புக் கடத்துகிற ஒரு பெண் என்று முடிவு செய்தேன். அவள் படகில் வருகிறவள். அதனால் கடல் பக்கத்துக் குகை வாய்கள் ஒவ்வொன்றும் துல்லியமாக இருந்தன. எந்தப் பாறையில் படகு முட்டும், எந்த நேரத்தில் தண்ணீர் ஏறும் எல்லாம் இருந்தது. கோட்டைப் பக்கம் வெறும் ஒரு கரிய திட்டு, அதில் ‘காவல்’ என்று ஒரே சொல். தூரத்தை அவள் அடியில் எழுதவில்லை, மூட்டை சுமந்துகொண்டு எத்தனை மூச்சில் போகலாம் என்று எழுதியிருந்தாள். அளவுகோல் பட்டையையும் திசைகாட்டிப் பூவையும் எடுத்துவிட்டேன். அவளுக்கு வடக்கு தேவையில்லை, கடல் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு எங்கள் குழு முக்கால் மணி நேரம் பேசியது. பகடையை யாரும் தொடவே இல்லை. “மேற்குப் பக்கக் குகை மட்டும் ஏன் பாதியில நிக்குது? இவளுக்குத் தெரியலையா, இல்ல பயந்துட்டாளா?” என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விதான் அடுத்த ஆறு வாரத்துக்கும் கதையாக ஓடியது. ரகசிய அறையைப் பூசி மூடியிருந்தால் இப்படி ஒரு கேள்வி வந்திருக்காது.

நிஜ உலகத்தின் பழைய மேப்புகளைப் பார்த்துத்தான் இந்தத் தைரியம் எனக்கு வந்தது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புவியியல் அறிஞர் தாலமியின் குறிப்புகளை வைத்து வரைந்த மேப்புகளைப் பாருங்கள். இலங்கை தப்ரபேன் என்ற பெயரில் உண்மையான அளவைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். இந்தியாவின் தென்முனை தெற்கே நீளாமல் சப்பையாக இருக்கும். ஆனால் கொற்கையும் காவிரிப்பூம்பட்டினமும் அவர் தந்த இடப்பெயர்களில் உண்டு. வணிகர்களும் மாலுமிகளும் சொன்னவை அவர் காதுக்கு எட்டியிருக்கின்றன. துறைமுகம் தெரிகிறது, நாட்டின் உருவம் தெரியவில்லை. என் உப்புக்காரியின் மேப்பும் அதே ஜாதிதான்.

இன்னொன்று காங் மலைகள். வங்காளத்தை அளந்து வரைந்து பேர் வாங்கிய ஜேம்ஸ் ரென்னல் 1798ல் மேற்கு ஆப்பிரிக்க மேப்பில் குறுக்கே ஒரு பெரிய மலைத்தொடரைப் போட்டார். அவர் அங்கே போனதில்லை. அவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் போட்டார், அவரைப் பார்த்து இன்னொருவர். 1880களின் கடைசியில் லூயி பாஞ்சே என்ற பிரெஞ்சு அதிகாரி நேரில் நடந்து போய்ப் பார்த்து அப்படி ஒரு மலையே இல்லை என்று சொல்கிறவரைக்கும் கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் அந்த மலை மேப்பில் நின்றது. திறமைசாலி ஒருவர், கேள்விப்பட்டதை நம்பி, ஒரு வெற்றிடத்தை நிரப்பிய கதை இது. ஆட்டக்காரர் மேப்பில் நாம் போடுகிற தப்புக்கும் இப்படி ஒரு காரணம் இருக்க வேண்டும். கேள்விப்பட்டது, காப்பியடித்தது, பயம், பெருமை, வயசு, ஏதாவது ஒன்று. காரணமில்லாத தப்பு வெறும் ஏமாற்று.

இந்த விளையாட்டுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974ல் டிஎன்டியை வெளியிட்ட காலத்தில், நடுவர் வாயால் சொல்லச் சொல்ல ஆட்டக்காரர்களில் ஒருவர் மேப் வரைவதுதான் வழக்கம். மேப்பர் என்றே அவருக்குப் பெயர். டிஎன்டியை முதலில் வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தின் பழைய சாகசங்களில் நடுவருடைய மேப் நீல நிறத்தில், கழற்றி எடுக்கிற அட்டையின் உள்பக்கத்தில் இருக்கும். அட்டையை நிமிர்த்தி வைத்தால் அதுவே மறைப்பு. இல்லினாய் மாநிலத்தில் 1976ல் பாப் பிளெட்சாவும் பில் ஓவனும் தொடங்கிய ஜட்ஜஸ் கில்ட் பதிப்பகம் இன்னும் ஒரு படி மேலே போனது. வைல்டர்லேண்ட்ஸ் என்ற அவர்களுடைய கற்பனை உலகத்தின் மேப்புகள் நடுவருக்கு ஒன்று, ஆட்டக்காரர்களுக்கு ஒன்று என்று ஜோடியாகவே வந்தன. ஆட்டக்காரர் பிரதியில் நிறைய விடுபட்டிருக்கும், போய்ப் பார்த்து அவர்களே நிரப்ப வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அச்சில் செய்ததை இன்றைக்குக் கணினியை வைத்துக்கொண்டு நாம் செய்யாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

புதிதாக ஆடுகிறவர்களுக்காக 2014ல் வந்த டிஎன்டி ஸ்டார்ட்டர் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள் (இன்னும் ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்). அதில் வருகிற வட்டார மேப்பில் கிராக்மா கோட்டையும் வேவ் எக்கோ குகையும் இருக்கிற இடத்திலேயே பெயரோடு இருக்கின்றன. அந்த இரண்டு இடமும் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் கதையே. அதை வரைந்த மைக் ஷ்லி தன் மேப்புகளுக்கு எழுத்தில்லாத ஆட்டக்காரர் பிரதியும் தனியாக விற்கிறார், படமும் அவ்வளவு அழகு. ஆனாலும் நான் அதை அப்படியே கொடுப்பதில்லை. சுங்கச்சாவடிக்காரர் ஒருவர் வரைந்தது என்று வைத்துக்கொண்டு, பெரிய சாலையையும் பாலங்களையும் சத்திரங்களையும் மட்டும் விட்டு, காட்டை ஒரே பச்சையாக அடித்துவிட்டேன். அவருக்குக் காட்டுக்குள் என்ன வேலை?

பெயர்களையும் அப்போதே தமிழில் மாற்றினேன். நாங்கள் தமிழில்தான் ஆடுகிறோம். ‘ஓல்டு அவுல் வெல்’ என்று தாளில் இருந்தவரை யாருக்கும் அந்த இடம் மனசில் நிற்கவில்லை. ஆந்தைக் கிணறு என்று எழுதியதும் ஒருவர் “அங்க ராத்திரியில போக வேணாம்” என்றார். சில மேப் கருவிகளில் தமிழ் எழுத்து உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். அந்த மாதிரி நேரத்தில் வெள்ளைத்தாளில் கையால் எழுதி, போனில் படமெடுத்து, பின்னணியை நீக்கி மேலே ஒட்டிவிடுவேன். கையெழுத்து என்பதால் யாரோ ஒரு ஆள் எழுதியது என்று பார்த்ததும் தெரிகிறது, அது இன்னும் நல்லது.

இதற்கு எதிராக என் நண்பர் ஒருவர், என்னைவிட அனுபவமுள்ள டிஎம், ஒரு விஷயம் சொல்கிறார்: “அவங்களுக்கு நம்ம வாயை விட்டா வேற கண்ணே இல்ல. தப்பான மேப்பைக் கையில குடுத்தா அப்புறம் நீ சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க.” பாதி ஒத்துக்கொள்கிறேன். அதனால் ஒரு எல்லை வைத்திருக்கிறேன். சண்டை மேப் பொய் சொல்லவே கூடாது. ஒரு கட்டம் 5 அடி என்றால் 5 அடிதான். ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் 20 அடி ஆரத்துக்குப் பரவும்போது யார் உள்ளே, யார் வெளியே என்பதில் குழப்பம் வந்தால் அது அநியாயம். பாத்திரம் தன் கண்ணால் பார்ப்பதாக நான் வாயால் சொல்வதும் எப்போதும் உண்மையாக இருக்கும். கதைக்குள் கிடைத்த தாள் மட்டுமே தவறலாம். அதுவும் வரைந்தவர் யார் என்று அவர்கள் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தால்தான். அந்தத் தாளை நம்பிய ஒரே காரணத்தால் ஒரு பாத்திரம் சாகிற மாதிரி வைக்க மாட்டேன்.

ஃபாக் ஆஃப் வார் இருக்கிறதே, எதற்கு இந்தச் சிரமம் என்று சிலர் கேட்கிறார்கள். திரையில் பாத்திரத்தைக் குறிக்கிற டோக்கனை நகர்த்த நகர்த்த இருட்டு விலகி அறை தெரிகிற அந்த வசதியைச் சண்டை நேரத்தில் நானும் வைத்துக்கொள்கிறேன். அலைந்து தேடுகிற நேரத்தில் அணைத்துவிடுகிறேன். இருட்டு விலகினால் தெரிவது மறுபடியும் அந்த டிஎம் மேப்தான், துண்டு துண்டாக. அடி பிசகாத உண்மை, யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை, யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் வழி தவறிய ராத்திரிகளைத்தான் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மென்பொருள் அந்த ராத்திரிகளை எடுத்துக்கொண்டுவிடுகிறது.

அதனால் போன வருஷத்திலிருந்து எங்கள் மேசையில் மறுபடியும் ஒரு மேப்பர் இருக்கிறார். சின்னப் பிள்ளைகள் கணக்குப் போடுகிற கட்டம் போட்ட நோட்டுதான் வாங்கினோம். கிராஃப் தாளில் மில்லிமீட்டர் கோடுகள் நெருக்கமாக இருப்பதால் பென்சில் பிடிக்கச் சிரமம், இதில் கட்டம் நல்ல அளவு. ஒரு கட்டம் 10 அடி. நான் வாயால் சொல்கிறேன், மேப்பர் வரைகிறார், மற்றவர்கள் எட்டிப் பார்த்துச் சண்டை போடுகிறார்கள். நோட்டு இப்போது பாதி நிரம்பிவிட்டது. ஒரு நடைபாதை தப்பான பக்கம் திரும்பியிருக்கிறது, இரண்டு படிக்கட்டுகள் ஒன்றாகிவிட்டன, ஒரு மூலையில் ‘இங்கே சத்தம் கேட்டது, போகலை’ என்று எழுதியிருக்கிறது. அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

தை மாதம் புதுக் கதை ஆரம்பிக்கிறோம். புதுப் பாத்திரங்கள், அதே ஊர், நாற்பது வருஷம் கழித்து. முதல் நாள் ஒரு கிழவியின் பெட்டியிலிருந்து அவர்களுக்கு ஒரு மேப் கிடைக்கப்போகிறது. அந்த நோட்டின் பக்கங்களைத்தான் ஜெராக்ஸ் எடுத்து டீத்தண்ணியில் நனைத்துக் காயவைத்திருக்கிறேன். அதில் ஒரு கோட்டைக்கூட நான் திருத்தவில்லை.