'கார்மென்' தோல்வியா பிசேயின் உயிரைப் பறித்தது? உண்மை விளக்கம்

"'கார்மென்' முதல் நாளே நிறுத்தப்பட்டதால் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜார்ஜ் பிசே அன்றிரவே மனமுடைந்து இறந்தார்" என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

1875 மார்ச் 3 அன்று பாரிஸின் ஒபேரா-கொமிக் அரங்கில் அரங்கேறிய அந்த இசைநாடகத்தை விமர்சகர்கள் பலர் கடுமையாகச் சாடியதும், அதனால் அவர் மிகவும் வருந்தியதும் உண்மையே. ஆனால் நாடகம் நிறுத்தப்படவில்லை. மே மாத இறுதியில் பாரிஸை அடுத்த பூஜிவாலில் சேன் ஆற்றில் நீந்திய பின், மூட்டுவாதமும் கடும் காய்ச்சலும், தொடர்ந்து மாரடைப்பும் தாக்கி, ஜூன் 3 அன்று, தம் ஆறாவது திருமண நாளில், 36 வயதில் காலமானார். அப்போது 'கார்மென்' 33 முறை மேடையேறியிருந்தது. ஒரே இரவில் கைவிடப்பட்ட படைப்புக்கு இது நேருமா?

அக்காலப் பாரிஸ் நாளிதழ்களை பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் கட்டணமின்றிப் பார்த்து இதைச் சரிபார்க்கலாம். அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.