முதல் சீட்டை எடுத்தவள்

நேற்றுக் காலை லண்டனில் இரவுப் பணி முடிந்து பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது, என்னோடு அதே மருத்துவமனை வார்டில் வேலை பார்க்கும் கானா நாட்டு ஆன்ட்டி தன் ஃபோனை நீட்டினார். "போட்டுவிட்டாள், பார்" என்றார். கானாவில் குமாசி நகரில் இருக்கும் அவர் குடும்பத்தாரின் வாட்ஸப் குழு. ஆன்ட்டியின் தங்கை மகள் தன் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அதில் போட்டிருந்தாள். கீழே ட்வி மொழியில் நான்கு வரி. ஆன்ட்டி படித்துச் சொல்லச் சொல்ல எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருடத்துக்கும் மேலாக நாங்கள் மூவரும் டீ குடிக்கும்போதெல்லாம் பேசிய விஷயம் இது. இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். ஆன்ட்டி வெள்ளிக்கிழமை பிறந்தவர் என்பதை மட்டும் சொல்கிறேன். பிறந்த கிழமையை வைத்தே பெயர் வைக்கும் கானாக்காரர்களுக்கு அதிலேயே பாதிப் பெயர் தெரிந்துவிடும்.

ஆன்ட்டியின் இனமான அக்கான் மக்களிடம் அம்மாவின் அக்கா தங்கைகளும் அம்மாதான். அந்தப் பெண் ஆன்ட்டியை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். தாய்மாமனுக்கு 'வோஃபா' என்று பெயர். வம்சம் தாய்வழியில் போவதால் வோஃபாவுக்குச் சகோதரி பிள்ளைகள் மேல் பெரிய உரிமை, பெரிய பொறுப்பு. பழைய வழக்கப்படி அவர் சொத்தே தன் பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரி பிள்ளைகளுக்குத்தான் போகும். 1985இல் ஒரு வாரிசுரிமைச் சட்டம் வந்து மனைவி மக்களுக்கும் பங்கு கொடுத்தது. ஆனாலும் இந்தப் பெண் 2024இல் முதியோர் இல்ல வேலைக்கு லண்டன் வந்தபோது பணம் புரட்டியது அவள் வோஃபாதான். கோகோ நிலத்தில் ஒரு துண்டை விற்றார். விசா, விமானம் எல்லாவற்றையும் விட அதிகமாக முகவருக்குப் போனது. அந்த வருடம் மார்ச்சில்தான் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்று பிரிட்டன் விதியை மாற்றியிருந்தது. ஆறு வயது மகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தாள்.

அவள் கணக்கைச் சொல்கிறேன். இதை மறைத்துப் பேசியே பல குடும்பங்கள் கெட்டுவிட்டன. 2025 ஏப்ரலில் இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது, அந்தக் கூலிக்கான கணக்கு இது. வாரம் 40 மணி நேரம். வரி, காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் போகக் கையில் ஏறக்குறைய 1,750. அறை வாடகை 750. பேருந்து, ரயில் 150. சாப்பாடு 200. ஃபோன் 20. தேவாலயத்துக்குப் பத்தில் ஒன்று, 175. சுசு என்ற சீட்டுக்கு 200. வீட்டுக்கு 200. மிச்சம் 55 பவுண்டு. குளிர்காலத்துக்கு ஒரு நல்ல காலணி வாங்கினால் அந்த மாதம் முடிந்தது.

குமாசியில் இந்த மிச்சம் யாருக்கும் தெரியாது. அங்கே அவள் ஒரு 'பர்கர்'. வெளிநாட்டில் இருப்பவரைக் கானாவில் அப்படித்தான் சொல்கிறார்கள். தின்னும் பர்கர் இல்லை, ஹாம்பர்க் ஊர்ப் பெயரிலிருந்து வந்த சொல். எழுபது, எண்பதுகளில் ஜெர்மனிக்குப் போனவர்கள் புதுச் சட்டையும் பாட்டுப்பெட்டியுமாக ஊருக்குத் திரும்பியபோது ஒட்டிக்கொண்ட பெயர். அந்தக் காலத்தில் யார்தான் போகாமல் இருந்திருப்பார்கள்? 1983 ஜனவரியில் நைஜீரியா பத்து லட்சம் கானாக்காரர்கள் அளவுக்கு ஒரே வீச்சில் வெளியேற்றியது. அவர்கள் சாமான் அடைத்துக்கொண்டு வந்த கட்டம் போட்ட பைக்கு 'கானா மஸ்ட் கோ' என்று இன்றும் பெயர். அதே வருடம் வறட்சி, காட்டுத்தீ, பஞ்சம். ஆன்ட்டிக்கு அப்போது பதினாறு வயது. பசியில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றதை அந்நாளைய ஆட்சியாளரின் பெயரால் 'ராலிங்ஸ் சங்கிலி' என்பார்களாம். தன் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினார். அந்தச் சங்கிலியைப் போட்டிருந்த தலைமுறைதான் பிள்ளைகளைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றி அனுப்பியது. ஆகவே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் பணம் கேட்கும் குடும்பத்தைப் பேராசைக்காரர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

'பிளாக் டாக்ஸ்' என்று ஒரு சொல் தென்னாப்பிரிக்காவிலிருந்து பரவியிருக்கிறது. படித்து வேலைக்குப் போன கறுப்பின இளைஞர் குடும்பத்துக்குக் கட்டும் வரி என்று பொருள். சமூக ஊடகத்தில் லண்டன் நைஜீரியர், கானாக்காரர்களின் பிள்ளைகள் இதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லை நான் ஏற்கவில்லை. வரி என்றால் மேலே இருப்பவர் பிடுங்குவது. இங்கே நடப்பது அது இல்லை. என்ன நடக்கிறது என்பதைச் சுசுவைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

சுசு நமக்கு அந்நியம் இல்லை. சீட்டுதான், ஏலம் இல்லாத சீட்டு. ஆன்ட்டியின் குழுவில் பத்துப் பேர். எல்லோரும் செவிலியர், துப்புரவுப் பணியாளர், பராமரிப்புப் பணியாளர். மாதம் ஆளுக்கு 200 பவுண்டு. மாதம் ஒருவர் 2,000 எடுப்பார். வட்டி கிடையாது, எழுத்து கிடையாது. கானாச் சந்தைகளில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. சுசு வசூலிப்பவர் தினமும் கடை கடையாக வந்து சிறு தொகை வாங்கிப்போவார், மாதக் கடைசியில் ஒரு நாள் பணத்தைத் தன் கூலியாக வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுப்பார். யோருபாக்களிடம் எசுசு, எத்தியோப்பியர்களிடம் எக்குப், சோமாலியர்களிடம் அயூட்டோ. அடிமைக் கப்பலில் போன மக்களோடு இந்தப் பழக்கமும் கரீபியனுக்குப் போனது. ஐம்பதுகளில் ஜமைக்காவிலிருந்து இங்கே வந்தவர்கள், வங்கி கடன் தராத காலத்தில், இப்படிச் சேர்த்துத்தான் வீடு வாங்கினார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வோஃபா நிலத்தை விற்று அவளை அனுப்பியதும் ஒரு சுசுதான். குடும்பம் தன் பணத்தைப் போட்டது, முதல் சீட்டை அவள் எடுத்தாள். முதல் சீட்டை எடுத்தவர் மீதித் தவணைகளைக் கட்டித்தான் ஆக வேண்டும். அது வரியும் இல்லை, தர்மமும் இல்லை. கடன். ஆனால் ஆன்ட்டியின் சுசுவில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு, எந்த மாதம் முடியும் என்று பத்துப் பேருக்கும் தெரியும். குடும்பச் சீட்டில் தொகை கிடையாது, முடிவு தேதி கிடையாது. யாரும் பேசியதே இல்லை. இந்தப் பேசாமை பணத்தைவிடப் பெரிய சுமை என்று நான் நம்புகிறேன்.

2025 மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டுக்குக் கானா நாணயமான 'செடி' 20 அளவில் கிடைத்தது சில வாரங்களில் 14க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. செடி அவ்வளவு வேகமாக வலுத்தது. நாட்டுக்கு நல்ல செய்தி. ஆனால் அவள் அனுப்பிய அதே 200 பவுண்டு ஊரில் 4,000 செடியாக இறங்காமல் 2,800ஆக இறங்கியது. "ஏன் குறைத்துவிட்டாய்?" என்று அண்ணன் கேட்டான். அவள் விளக்கம் சொல்லவில்லை. மூன்று இரவு கூடுதலாக வேலை பார்த்து அந்த வித்தியாசத்தை அனுப்பினாள். நாலாவது நாள் எங்கள் வார்டுக்கு வெளியே இருக்கும் நாற்காலியில் ஆன்ட்டிக்காகக் காத்திருந்தவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.

தேவாலயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த 175 பவுண்டைப் பார்த்ததும் பலருக்கு முதலில் அதைத்தான் வெட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. 2017இல் டாடி ஃப்ரீஸ் என்ற நைஜீரிய வானொலி அறிவிப்பாளர், தேவாலயத்துக்குப் பத்தில் ஒன்று கொடுக்கும் தசமபாகத்துக்கு எதிராகப் பேசத் தொடங்கி ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்களிடையே பெரிய சண்டையே நடந்தது. ஜெட் விமானம் வைத்திருக்கும் போதகர்களைப் பார்க்கும்போது அவர் கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு ஞாயிறு ஆன்ட்டியோடு போனேன். தொழிற்பேட்டைக்குள் ஒரு கிடங்குதான் தேவாலயம். தென் லண்டனில் சதர்க் என்ற ஒரே வட்டாரத்தில் இப்படிக் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள 240 சபைகளை ரோஹாம்ப்டன் பல்கலைக்கழகம் 2013இல் கணக்கெடுத்திருக்கிறது. காணிக்கையைப் பிறந்த கிழமைப்படி எடுத்தார்கள். வெள்ளிக்கிழமைக்காரர்கள் ஆடிக்கொண்டே முன்னால் போய்ப் போட, சனிக்கிழமைக்காரர்கள் அவர்களை முந்தப் பார்க்க, ஒரே கொண்டாட்டம். இந்தப் பெண்ணுக்கு லண்டனில் முதல் அறை பார்த்துக் கொடுத்ததும், காய்ச்சலில் கிடந்தபோது சூப் கொண்டு வந்ததும் அந்தச் சபை மனிதர்கள். அந்த 175ஐ வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு அங்கே உறுத்தியது வேறொன்று. கடவுள் தங்களுக்குச் செய்ததைச் சபை முன் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் எழுந்தவர்கள் எல்லோரும் வெற்றியை மட்டுமே சொன்னார்கள். விசா வந்தது, வீடு முடிந்தது, மகன் டாக்டரானான். கடனில் இருக்கிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொன்னால் விசுவாசம் குறைவு என்று நினைப்பார்களோ என்ற பயம். அன்று நாற்பது பேராவது மனசுக்குள் அதே கணக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கடவுள் முன்னாலும் சொல்ல முடியாத சம்பளத்தை அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

அப்புறம் சாவு. 'அபுசுவா டோ ஃபுனு' என்று அக்கான் பழமொழி ஒன்று உண்டு. குடும்பத்துக்குப் பிணத்தின் மேல்தான் பாசம் என்று பொருள். பிணத்தை மாதக்கணக்கில் குளிர்பதனத்தில் வைத்து, பந்தல் போட்டு, சிவப்பும் கறுப்புமாகத் துணி எடுத்து, ஊரையே கூப்பிட்டுச் செய்வார்கள். வந்தவர்கள் கொடுக்கும் பணத்தை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அறிவிப்பார்கள். நம் ஊர் மொய் மாதிரியே. ஆன்ட்டியின் அம்மா இறந்தபோது ஆன்ட்டி இங்கே கிரெடிட் கார்டில் வாங்கிய கடனை அடைக்க நான்கு வருடம் ஆனது. அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்துபோனதை மூன்று மாதம் யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்பதுதான் அவருக்கு இன்னும் ஆறவில்லை. "பர்கரிடம் சின்னச் செலவு கேட்கக் கூடாதாம்" என்றார். ஊரில் இருப்பவர்களும் மறைக்கிறார்கள், பாருங்கள். கேட்கக் கூச்சப்பட்டு மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். இந்தப் பக்கம் தூக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

அந்தச் சாவுக்கு அப்புறம்தான் ஆன்ட்டி மாறினார். தங்கை மகளை விடாமல் நச்சரித்தார். "சம்பளச் சீட்டைக் காட்டு, எல்லாரும் பார்க்கட்டும்" என்று. அவள் அழுதாள், மறுத்தாள், தன்னைத் தோற்றுப்போனவள் என்பார்களே என்று பயந்தாள். நேற்று போட்டுவிட்டாள். அந்த நான்கு வரி இதுதான்: "இது என் சம்பளம். இது என் செலவு. வோஃபாவின் நிலத்துக்கு மாதம் 150 பவுண்டு, இன்னும் 36 மாதம் தருவேன். அம்மாவின் மருந்துக்கும் மகளின் பள்ளிக்கும் என்ன வேண்டும் என்பதை மறைக்காமல் இங்கேயே எழுதுங்கள்."

அண்ணன் குழுவை விட்டு வெளியேறிவிட்டான். அவள் அம்மா இன்னும் எதுவும் எழுதவில்லை. வோஃபா மட்டும் குரல் பதிவு அனுப்பியிருந்தார். கானாவில் வாடகையை ஒரு வருடத்துக்கு, இரண்டு வருடத்துக்கு மொத்தமாக முன்பணமாகக் கட்டுவதுதான் வழக்கம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்த 750 பவுண்டு ஒரு வருடத்து வாடகைதானே, மகளே?"

"மாதத்துக்கு, வோஃபா" என்று அவள் பதில் போட்டிருந்தாள். எங்கள் பேருந்து வரும்வரை அவர் மறுபடி ஒன்றும் அனுப்பவில்லை. மதியம் ஆன்ட்டி எனக்கு ஃபோன் செய்தார். வோஃபா அவரைக் கூப்பிட்டு, அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்தாராம்.