யோசிக்க ஒரு நாள் கேட்டால் அது கோழைத்தனமா?

அந்த வீடியோவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பியும் விட்டீர்கள். அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. பேச்சாளரின் பெயரும் இங்கே வேண்டாம். தலைமைப் பண்பு பற்றிய பயிலரங்கு. வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கலாமா என்று எழுந்து கேட்கிறார் ஓர் இளம்பெண். “மூணு எண்ணுவேன், அதுக்குள்ள நீங்களே முடிவு சொல்லணும்” என்கிறார் பேச்சாளர். “ஒரு நாள் டைம் குடுங்க சார், யோசிச்சுட்டுச் சொல்றேன்” என்கிறார் அந்தப் பெண். உடனே பேச்சாளர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, “இவங்கள மாதிரி ஆளுங்கதான் கடைசி வரைக்கும் அடுத்தவன்கிட்ட சம்பளம் வாங்கிட்டு இருப்பாங்க” என்கிறார். அரங்கமே சிரிக்கிறது. கைதட்டல் வேறு.

உட்காரும்போது அந்தப் பெண் என்ன செய்தார் என்று யாராவது கவனித்தீர்களா? மடியில் விரித்து வைத்திருந்த நோட்டை மூடினார். பேனாவை அதற்குள்ளேயே செருகிப் பையில் வைத்துவிட்டார். அதுவரை குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் அவர்.

நான் போட்டது ஒரே ஒரு கமென்ட். “அந்த அரங்கத்தில் தன்னைத் தானே வழிநடத்தத் தெரிந்தவர் அந்தப் பெண் ஒருவர்தான்.” அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “ஓவர்திங்கிங்குக்கு வக்காலத்து”, “பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு பயந்தாங்கொள்ளி ஆதரவு”, “நீங்க யோசிச்சு என்ன சாதிச்சீங்க?” இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் என் கருத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அதிகாரம் உள்ள ஒருவர் நெருக்கும்போது, “இப்போ முடியாது, யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்ல முடிந்ததே, அதுதான் தலைமை. தன் மேல் தனக்கு இருக்கிற தலைமை. கைதட்டலுக்குப் பயந்து மூன்று எண்ணுவதற்குள் “ஆமாம் சார்” என்று சொல்லியிருந்தால், அந்த முடிவு அவருடையதாக இருந்திருக்காது. பேச்சாளருடைய முடிவை இவர் வாய் சொல்லியிருக்கும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. சுயதலைமை என்கிற கருத்தை 1980-களில் மேலாண்மை ஆய்வாளர் சார்ல்ஸ் மான்ஸ் விரிவாக எழுதினார். 1986-ல் வந்த அவருடைய கட்டுரையின் மையமே, ஒருவர் தன்னைத் தானே எப்படி இயக்கிக்கொள்கிறார் என்பதுதான். தன் நடத்தையைத் தானே கவனிப்பது, இலக்கைத் தானே வைப்பது, தனக்குள் ஓடும் எண்ணங்களைச் சரிபார்ப்பது. இதில் எதையாவது மூன்று எண்ணுவதற்குள் செய்ய முடியுமா?

1772-ல் ஆங்கிலேய வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கும் இதே மாதிரி ஒரு குழப்பம் வந்தது. ஷெல்பர்ன் பிரபுவிடம் வேலைக்குச் சேரலாமா வேண்டாமா என்பது கேள்வி. பெஞ்சமின் பிராங்கிளினிடம் ஆலோசனை கேட்டார். பிராங்கிளின் எழுதிய பதிலை அந்தப் பேச்சாளர் படித்திருக்க வேண்டும். உங்கள் நிலைமை எனக்கு முழுதாகத் தெரியாது, அதனால் என்ன முடிவெடுக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது, எப்படி எடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்றார். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் சாதகம், மறு பக்கம் பாதகம். உட்கார்ந்த இடத்தில் எழுதி முடிப்பதில்லை, மூன்று நான்கு நாட்களில் தோன்றத் தோன்ற எழுதுவது. பிறகு சமமானவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வருவது. அதற்குப் பிறகும் ஓரிரு நாள் பொறுத்து, புதிதாக ஏதும் தோன்றுகிறதா என்று பார்ப்பது. மின்னலை ஆராய்ந்தவர், அமெரிக்கா என்கிற ஒரு நாடு உருவானபோது கூட இருந்தவர். அவரே இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் கேட்டது ஒரே ஒரு நாள்.

“வெற்றி பெற்ற தொழிலதிபர்கள் எல்லாரும் வேகமாகத்தான் முடிவெடுக்கிறார்கள்” என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். சரி, அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸையே எடுத்துக்கொள்வோம். 2015-ம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் அவர் முடிவுகளை இரண்டாகப் பிரிக்கிறார். திரும்பி வரக்கூடிய முடிவுகள் ஒரு வகை, அவற்றை வேகமாக எடுக்கலாம். திரும்ப முடியாதவை இன்னொரு வகை. அவற்றை நிதானமாக, கவனமாக, பலரிடம் கலந்து பேசித்தான் எடுக்க வேண்டும் என்கிறார். எல்லாரும் முதல் பாதியை மட்டும் போஸ்டர் ஆக்கிவிட்டார்கள். மாதச் சம்பளத்தை விடுவது அந்தப் பெண்ணுக்கு எந்த வகை என்று மேடையில் நின்றவருக்குத் தெரியுமா? வீட்டில் எத்தனை பேர் அந்தச் சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாரா?

அடுத்தது, எல்லாரும் சொல்லும் அந்தத் தீயணைப்பு வீரர் உதாரணம். “நெருப்பு எரியும்போது நோட்டு போட்டு எழுதிக்கொண்டா இருப்பார்கள்?” மாட்டார்கள், உண்மை. தீயணைப்புத் தலைவர்கள் நொடியில் எடுக்கும் முடிவுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் உளவியலாளர் கேரி கிளைன். அவரும் உள்ளுணர்வை எளிதில் நம்பாத இன்னொரு உளவியலாளர் டேனியல் கானமனும் சேர்ந்து 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எதிரெதிர் முகாம்களில் இருந்தவர்கள். இருவரும் ஒத்துப்போன இடம் இது: ஒழுங்கு முறைகள் உள்ள சூழலில், செய்ததன் விளைவைப் பார்த்துப் பார்த்து நீண்ட காலம் பழகியவரின் உள்ளுணர்வைத்தான் நம்பலாம். வாழ்க்கையில் முதல்முறை தொழில் தொடங்கப் போகிறவருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? அதே கேரி கிளைன்தான் 2007-ல் வேறொரு வழியும் சொன்னார். திட்டம் தொடங்கும் முன்பே அது படுதோல்வி அடைந்துவிட்டதாகக் கற்பனை செய்துகொண்டு, ஏன் தோற்றது என்று ஆளாளுக்கு எழுதிப் பார்ப்பது. அந்தப் பயிலரங்கில் இதைச் செய்ய வைத்திருந்தால் அந்தப் பெண்ணின் நோட்டு மூடியிருக்காது.

இப்போது “நீங்க யோசிச்சு என்ன சாதிச்சீங்க?” என்ற கேள்வி. பொதுவெளியில் இதைச் சொல்ல விருப்பமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அப்போது வேலை பார்த்த இடத்தில் மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டார். பதவி உயர்வு, ஆனால் வேறு ஊர். “இப்பவே சொல்லுங்க, நான் மேலே பதில் சொல்லணும்” என்றார். காலை வரை அவகாசம் கேட்டேன். அவர் முகம் மாறியது. அப்பாவுக்கு அப்போது சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அன்று இரவு உட்கார்ந்து எழுதினேன். எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதற்குப் பயப்படுகிறேன், யாருக்காகச் சரி சொல்லத் தோன்றுகிறது. கடைசிக் கேள்விக்குக் கீழே நான் எழுதியிருந்தது: “சார் முகம் சுருங்கிடக் கூடாது.” அந்த வரியைப் பார்த்த பிறகுதான் தெளிந்தது. ஊர் மாறுவதற்கு அது ஒரு காரணமா?

அதற்குப் பிறகும் தூக்கம் வராமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மூன்றாவதாக ஒரு வழி தோன்றியது. பொறுப்பை ஏற்றுக்கொண்டு, சிகிச்சை முடியும் வரை இங்கிருந்தே பார்க்கிறேன் என்று கேட்கலாம். கேட்டேன். ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பதவி இன்னொருவருக்குப் போனது. அவர் இன்று நல்ல நிலையில் இருக்கிறார். அப்பாவும் குணமாகிவிட்டார். அதனால் இன்றுவரை எனக்குக் கிடைப்பது ஒரே வசனம்: “அப்பாதான் நல்லாயிட்டாரே, அன்னைக்கே போயிருக்கலாம்ல?”

அன்றைக்கு அவர் நல்லாகிவிடுவார் என்று யாருக்குத் தெரியும்? அடுத்த பரிசோதனையின் முடிவே வரவில்லை. அது என் நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. விளைவு தெரிந்த பிறகு “இது முன்னாடியே தெரிஞ்சதுதானே” என்று மனித மனம் எவ்வளவு எளிதாக நினைத்துக்கொள்கிறது என்பதை உளவியலாளர் பாருக் ஃபிஷாஃப் 1975-லேயே சோதனைகளில் காட்டினார். ஒரே முடிவை, விளைவு நல்லதாக முடிந்தால் புத்திசாலித்தனம் என்றும் கெட்டதாக முடிந்தால் முட்டாள்தனம் என்றும் மக்கள் மதிப்பிடுவதை 1988-ல் ஆய்வாளர்கள் பாரனும் ஹெர்ஷியும் காட்டினார்கள். எழுதி வைக்காதவரிடம் ஊர் எந்தக் கதையையும் ஏற்றிவிட முடியும். கொஞ்ச நாளில் நாமே அதை நம்பிவிடுவோம். நான் சாதித்தது இதுதான்: யார் எத்தனை முறை சொன்னாலும், அன்றைக்கு எனக்குத் தெரிந்ததை வைத்து நான் எடுத்த முடிவு சரி என்று என்னால் நிமிர்ந்து சொல்ல முடிகிறது. உங்களுக்கு இது சாதனையாகத் தெரியவில்லை என்றால் பரவாயில்லை.

அந்த மூன்றாவது வழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். படைப்பாற்றல் என்றால் ஓவியம், கவிதை என்றே நினைத்துக்கொள்கிறோம். விடவா வேண்டாமா, போகவா இருக்கவா என்று இரண்டே கதவுகளைக் காட்டி நெருக்கும்போது மூன்றாவதைக் கண்டுபிடிப்பதும் அதே ஆற்றல்தான். அது அதட்டினால் வராது. கணித மேதை ஹென்றி புவான்கரே நாட்கணக்கில் ஒரு சிக்கலோடு போராடியவர். வேலையை மறந்து ஒரு பயணம் போனபோது, பேருந்தின் படியில் கால் வைத்த கணத்தில் விடை தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1926-ல் ஆங்கிலேயச் சிந்தனையாளர் கிரஹாம் வாலஸ் படைப்புச் சிந்தனையைத் தயாரிப்பு, உள்ளே ஊறுதல், வெளிச்சம், சரிபார்ப்பு என்று நான்கு கட்டங்களாகப் பிரித்தார். இரண்டாவது கட்டத்துக்குத் தேவை நேரம். வேலையை விடாமல் வார இறுதிகளில் சிறிதாகத் தொடங்கிப் பார்க்கலாம் என்று அந்தப் பெண்ணுக்கு மறுநாள் காலை தோன்றியிருக்கலாம். தோன்றாமலும் போயிருக்கலாம். அந்த வாய்ப்பைப் பறிக்க அந்தப் பேச்சாளர் யார்?

ஓவர்திங்கிங் என்று சொல்பவர்களுக்கு: ஆமாம், ஒரே கவலையைச் சுற்றிச் சுற்றி வந்து உள்ளேயே நொந்துபோவது உண்டு. அது துன்பம், அதை நான் போற்றவில்லை. ஆனால் அது வேறு, சிந்தனை வேறு. உளவியலாளர்கள் டிராப்னெலும் கேம்ப்பெலும் 1999-லேயே இரண்டையும் பிரித்து அளந்து காட்டினார்கள். ஒன்று பயத்தால் ஓடுவது, இன்னொன்று அறிந்துகொள்ளும் ஆர்வத்தால் ஓடுவது. சுழலில் சிக்கியவருக்கும் வழி உண்டு. தன் பிரச்சினையைவிட நண்பரின் பிரச்சினையை மனிதர்கள் தெளிவாக யோசிக்கிறார்கள். தன்னுடையதையே சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அந்த வித்தியாசம் மறைகிறது என்று 2014-ல் உளவியலாளர்கள் கிராஸ்மனும் கிராஸும் காட்டினார்கள். அயலார் குற்றத்தைப் பார்ப்பதுபோல் தன் குற்றத்தைப் பார் என்று வள்ளுவர் சொன்னதும் இந்தத் தள்ளி நிற்றலைத்தான். ஆக, ஓவர்திங்கிங் என்று முத்திரை குத்துகிறவர்கள் அதற்கான மருந்தைத்தான் கேலி செய்கிறீர்கள்.

“யோசிக்க நேரம் கிடைப்பதே ஒரு சொகுசு, எல்லாருக்கும் வாய்க்காது” என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதனால்தான் கேட்கிறேன், அந்தச் சொகுசு ஏன் சிலருக்கு மட்டும் இருக்கிறது? மேலே இருப்பவர் “பரிசீலிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் அது நிதானம். கீழே இருப்பவர் ஒரு நாள் கேட்டால் தயக்கம். வகுப்பில் கேள்வி கேட்டவுடன் கை தூக்கும் பிள்ளை கெட்டிக்காரன், யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை மந்தம். வரன் பார்க்க வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பலாம், பெண் அங்கேயே தலையாட்ட வேண்டும். உடனே பதில் கேட்கிறவர் எப்போதும் அந்தப் பதிலால் எதையும் இழக்காதவராகவே இருக்கிறார். அந்தப் பேச்சாளர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சம்பளம் இல்லாத முதல் மாதத்தில் அந்தப் பெண்ணோடு அவர் இருக்கமாட்டார்.

இன்னொன்று. 2014-ல் உளவியலாளர் டிமதி வில்சன் குழுவினர் ஆட்களை ஓர் அறையில் 15 நிமிடம் தனியாக உட்காரவைத்தார்கள். சும்மா யோசித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். விரும்பினால் அழுத்திக்கொள்ள ஒரு பொத்தான், அழுத்தினால் மின்அதிர்ச்சி. 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் ஒருமுறையாவது தங்களுக்குத் தாங்களே அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். தன் எண்ணங்களோடு தனியாக இருப்பது அவ்வளவு கடினம். அந்தக் கடினமான வேலையைச் செய்ய முன்வந்த ஒருவரைப் பார்த்துத்தான் இத்தனை பேர் சிரித்தீர்கள்.

முகம் தெரியாதவர்கள் திட்டியது எனக்குப் பெரிதில்லை. என் கமென்ட்டுக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என்னை நன்றாகத் தெரிந்த ஒருவரும் இருந்தார். அவரிடம் மட்டும் நேராகச் சொல்கிறேன். வேலையை விடுவதா என்று தெரியாமல் நள்ளிரவில் நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். நான் உங்களுக்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை, கேள்விகள்தான் கேட்டேன். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டீர்கள், பேனா ஓடும் சத்தம் போனில் கேட்டது. ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், எடுத்துக்கொண்டீர்கள். அந்தத் தாள் உங்களிடம் இருந்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் சிரிக்கத் தோன்றினால் கமென்ட்டில் வேண்டாம், என்னைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.